எங்கேயும் போகாத கேப்டன்

கேப்டன் என்று சொன்னால் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருவார்கள்? பாதிப் பேருக்கு விஜயகாந்த். மீதிப் பேருக்கு தோனி. நிஜமாகவே கப்பல் ஓட்டுகிற ஆள் மூன்றாவதாகத்தான் வருவார், அதுவும் வெள்ளைச் சட்டை, தோளில் தங்கப் பட்டை, கையில் பைனாகுலர் சகிதம். எனக்கு மட்டும் மடித்துக் கட்டிய லுங்கி, முண்டா பனியன், மூக்கு நுனியில் கண்ணாடி என்று வேறு ஒரு உருவம் வந்து நிற்கும். என் அம்மாவின் அப்பா. 37 வருஷம் கப்பலிலேயே வேலை பார்த்த மனுஷர். ஆனால் சிங்கப்பூர் பார்த்ததில்லை, கொழும்பு பார்த்ததில்லை. விசாகப்பட்டினத்தை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், அதுவும் ரயிலில் போய். :)

ஏனென்றால் அவர் ஓட்டியது டக். தமிழில் இழுவைக் கப்பல் என்பார்கள். பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வந்து கரையோடு சேர்த்துவிட்டு, திரும்பவும் வெளியே கொண்டுபோய் விடுகிற குட்டிக் கப்பல். துறைமுக வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான் அதன் உலகம். ஊர் ஊராகப் போகிற கப்பல்களை வழியனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடுகிற கேப்டன்.

2024 ஜனவரியில் தாத்தா இறந்தார். 1931-ல் பிறந்தவர், 93 நடந்துகொண்டிருந்தது. படுக்கையில் விழவில்லை, யாருக்கும் சிரமம் கொடுக்கவில்லை, கல்யாணச் சாவு என்றார்கள். எங்கள் தெருவில் (சமயபுரத்தில்தான், கோயிலிலிருந்து கொஞ்சம் தள்ளி) கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போது ஒரு சிக்கல். பெயருக்கு முன்னால் என்ன போடுவது? "டக் மாஸ்டர்" என்றால் இந்த ஊரில் ஒருத்தருக்கும் புரியாது. "துறைமுக ஊழியர் (ஓய்வு)" என்று போடலாம் என்றார் ஒரு உறவினர். சின்ன மாமா பிடிவாதமாக "கேப்டன்" என்றே போடச் சொன்னார். விஜயகாந்த் இறந்து மூன்று வாரம்கூட ஆகாத நேரம். போஸ்டரைப் பார்த்துவிட்டு, தாத்தா தே.மு.தி.க.வில் பொறுப்பில் இருந்தவரா என்று இரண்டு பேர் விசாரித்துவிட்டுப் போனார்கள்!

அது சிரிப்பு. சிரிக்க முடியாத கேள்வி ஒன்றை இன்னொரு உறவினர் கேட்டார். "கேப்டன்னு போட்டீங்களே, எந்தக் கப்பலுக்கு? எந்த நாட்டுக்கெல்லாம் போனாரு? என்ன சேர்த்து வச்சாரு?" பதினாறாம் நாள் காரியத்தில், பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு கேட்ட கேள்வி. அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

தாத்தா பிறந்தது நாகப்பட்டினத்தில். அங்கே அந்தக் காலத்தில் பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்களும் சரக்கும் சலங்கு என்ற பெரிய படகில் போய் ஏற வேண்டும். தாத்தாவின் அப்பா அந்தச் சலங்கில் வேலை பார்த்தவர். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர் போகும் 'ரஜூலா' கப்பலுக்கு ஆள் ஏற்றுவதைத் தாத்தா சின்னப் பையனாகக் கரையில் நின்று பார்த்திருக்கிறார். 1926-ல் கட்டிய கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் ஊர் ஆட்களைச் சுமந்துவிட்டு, 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்திடம் போய் 'ரங்கத்' என்று பெயர் மாறி, சீக்கிரமே உடைக்கப்பட்டது. "ஏர்றவங்க ஒருத்தரும் சிரிச்சிக்கிட்டு ஏறுனதில்லடா" என்பார் தாத்தா. கப்பல் என்றாலே கரையில் ஒரு குடும்பம் அழுதுகொண்டு நிற்கும் என்பது அவர் மனதில் பதிந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

1952-ல் மெட்ராஸ் வந்து துறைமுகத்தில் கலாசியாகச் சேர்ந்தார். அன்றைக்கு மெட்ராஸ் போர்ட் ட்ரஸ்ட், இன்றைக்கு சென்னை துறைமுக ஆணையம். கயிறு சுற்றுவது, தளம் கழுவுவது, பெயின்ட் சுரண்டுவது. அதிலிருந்து சாரங்கு, பிறகு பரீட்சை எழுதி டக் மாஸ்டர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், ராயபுரம் வீட்டுத் திண்ணையில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் கேள்வி பதில் மனப்பாடம் செய்தாராம். அம்மாச்சிக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இப்ப சொல்லுங்க" என்று உட்காருவாராம்! (வீட்டுக்கு வீடு டியூஷன் சென்டர்.)

சென்னைத் துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது இயற்கைத் துறைமுகம் இல்லை. நேர்க் கோடு மாதிரி கிடக்கும் கடற்கரையில், அலையை எதிர்த்து மனிதன் கல்லைக் கொட்டிக் கட்டியது. அதற்கு முன் மசூலா படகில் அலைக்கு மேல் குதித்துக் குதித்துத்தான் கரைக்கு வர வேண்டும். 1861-ல் ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். 1875-ல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டி, கட்டிக்கொண்டிருக்கும்போதே 1881 புயல் வந்து பெரும் சேதம் செய்துவிட்டது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், கிழக்கே பார்த்திருந்த வாசலை மூடி வடகிழக்குப் பக்கம் திறந்தார். (மெரினா இவ்வளவு அகலமானதே இந்தத் துறைமுகச் சுவரால்தான். தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் அரித்தது.) ஆக, மனிதன் கட்டிய குளம், குறுகலான வாசல். அதற்குள் மலை மாதிரி ஒரு கப்பல் நுழைய வேண்டும்.

சரி, இவ்வளவு பெரிய எஞ்சின் வைத்திருக்கும் கப்பல் தானே நுழைந்தால் என்ன? எனக்கும் சின்ன வயதில் இதே சந்தேகம்தான். தாத்தா சொன்ன விளக்கம் எந்தப் பாடப் புத்தகத்தையும் விடத் தெளிவானது. கப்பலுக்கு பிரேக் கிடையாது. திருப்புவதற்கு இருப்பது சுக்கான். சுக்கான் வேலை செய்ய வேண்டுமென்றால் அதன் மேல் தண்ணீர் வேகமாக ஓட வேண்டும், அதாவது கப்பல் வேகமாகப் போக வேண்டும். ஆனால் துறைமுகத்துக்குள் மெதுவாகத்தான் போக முடியும். மெதுவாகப் போனால் சுக்கான் பேச்சைக் கேட்காது. வேகமாகப் போனால் நிறுத்த முடியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கப்பலைத்தான் டக் வந்து பிடித்துக்கொள்கிறது.

"நம்ம ஊர்த் தேரு மாதிரிடா" என்பார். சித்திரைத் தேர் பார்த்திருக்கிறீர்களா, சமயபுரத்திலோ ஸ்ரீரங்கத்திலோ? எல்லார் கண்ணும் வடம் பிடிக்கிறவர்கள் மேல் இருக்கும். ஆனால் தேரை ஓட்டுகிறவர்கள் அவர்கள் இல்லை. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்து ஓடிக்கொண்டு, சரியான நேரத்தில் சரியான கோணத்தில் முட்டுக்கட்டையைச் செருகுகிறார்களே, அவர்கள்தான். தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டையால்தான். பேச்சு வழக்கில் "முட்டுக்கட்டை போடாதே" என்றால் திட்டு. தேர் வீதியில் முட்டுக்கட்டை போடாவிட்டால் தேர் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறிவிடும். டக் என்பது கடலில் போடுகிற முட்டுக்கட்டை என்பது தாத்தாவின் சித்தாந்தம். இழுப்பது பாதி வேலை, பிடித்து நிறுத்துவது மீதி வேலை.

ஆபத்தும் அந்தக் கட்டைக்காரர்களைப் போலத்தான், எந்நேரமும் சக்கரத்துக்குப் பக்கத்தில். பெரிய கப்பல் திடீரென்று ஒரு பக்கம் போக, கயிறு டக்கைக் குறுக்கே இழுத்தால், சில விநாடிகளில் டக் கவிழ்ந்துவிடும். அதனால் கொக்கியைச் சட்டென்று கழற்றிவிடுகிற வசதி இருக்கும். எப்போது கழற்றுவது என்பதில்தான் மாஸ்டரின் உயிர் இருக்கிறது. இன்னொன்று, விறைத்த கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும், எதிரே நிற்கிறவன் தப்ப மாட்டான். "கயிறு விறைச்சா அதுக்கு நேரா நிக்காதே." இது எங்கள் வீட்டில் பழமொழியே ஆகிவிட்டது. அம்மாச்சி கோபமாக இருக்கிற நாளில் தாத்தா எங்களைப் பார்த்துக் கண்ணைக் காட்டி இதைச் சொல்லிவிட்டு மெதுவாகக் கொல்லைப் பக்கம் நழுவுவார். :)

புயல் என்றால் நமக்கெல்லாம் லீவு விடுவார்களா என்ற கவலைதான். ரேடியோவில் "ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று சொன்னதும் தாத்தா நிமிர்ந்து உட்காருவார். சமயபுரத்தில் வந்து குடியேறி எத்தனையோ வருஷம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒன்றாம் எண் என்றால் எங்கோ தூரத்தில் உருவாகியிருக்கிறது, கவனம். பத்தாம் எண் என்றால் துறைமுகத்துக்கே ஆபத்து. பதினொன்று எதற்குத் தெரியுமா? பத்தைவிடப் பெரிய புயல் என்று நினைப்போம். இல்லை. வானிலை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கான அடையாளம் அது. "என்ன வரும்னு தெரியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கான் பாரு, அவன் புத்திசாலி" என்பார்.

புயல் நெருங்கினால் துறைமுகத்தில் நிற்கும் பெரிய கப்பல்களை வெளியே ஆழ்கடலுக்கு அனுப்பிவிடுவார்கள். கரையோரம் இருந்தால்தான் ஆபத்து, மோதி உடையும். அவற்றை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் விடுவது டக்குகளின் வேலை. ஊரே வீட்டுக்குள் போகிற நேரத்தில் தாத்தா வீட்டை விட்டுக் கிளம்புவார். 1966 நவம்பர் புயலில் இரண்டு நாள் வீட்டுக்கு வரவில்லையாம். ராயபுரத்தில் அம்மாச்சி, ஆறு வயதில் பெரிய மாமா, மூன்று வயதில் பெரியம்மா. அந்தப் புயலில்தான் 'ஸ்டமாடிஸ்' என்ற வெளிநாட்டுக் கப்பல் மெரினாவில் கரை தட்டியது. கப்பல் ஒன்று கரையில் ஏறிவிட்டது என்று தெருவில் பேச்சு வந்ததும், அது பெரிய கப்பலா சின்னக் கப்பலா என்று விசாரிக்க அம்மாச்சி இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு துறைமுக வாசல் வரை நடந்தே போயிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் தாத்தா வந்து, "பசிக்குது" என்றாராம். அவ்வளவுதான். என்ன நடந்தது, எப்படிச் சமாளித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவருடைய வேலையின் வெற்றி. நடக்காத ஒன்றை எப்படிக் கதையாகச் சொல்வது?

2012-ல் நீலம் புயலின்போது 'பிரதிபா காவேரி' என்ற எண்ணெய்க் கப்பல் பெசன்ட் நகர் பக்கம் தரை தட்டியதே, நினைவிருக்கிறதா? அக்டோபர் 31-ஆம் தேதி. உயிர்காக்கும் படகில் இறங்கிய மாலுமிகளில் சிலர் கடலில் இறந்துபோனார்கள். ஆனால் அடுத்த நாளிலிருந்தே கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வேடிக்கை பார்க்கப் போனதை டிவியில் காட்டினார்கள். நான் அப்போது ஏழு வயசுப் பையன், நாமும் போய்ப் பார்க்கலாம் தாத்தா என்றேன். "கப்பல் கரையில நிக்கறது சாவு வீடு மாதிரிடா, வேடிக்கை பாக்கக் கூடாது" என்றார். நவம்பரில் டக் வைத்து அதை இழுத்து மிதக்கவிட்ட செய்தி வந்த அன்றைக்குத்தான் முகம் தெளிந்தது. "காவேரியக் கடல்ல சேத்துட்டாங்க" என்று அம்மாச்சியிடம் சொன்னார்.

இப்போது அந்த உறவினரின் கேள்விக்கு வருகிறேன். என்ன சேர்த்து வைத்தார்?

1975. அரபு நாடுகளில் எண்ணெய்ப் பணம் கொட்ட ஆரம்பித்த நேரம். துபாயில் ரஷீத் துறைமுகம் 1972-லேயே திறந்தாயிற்று. அனுபவமுள்ள டக் மாஸ்டர்களுக்கு அங்கே நல்ல கிராக்கி. தாத்தாவோடு வேலை பார்த்த இரண்டு பேர் கிளம்பினார்கள், தாத்தாவுக்கும் வாய்ப்பு வந்தது. இங்கே வாங்குவதைப் போலப் பல மடங்கு சம்பளம். பாஸ்போர்ட்டுக்கு போட்டோகூட எடுத்தாயிற்று. அந்த போட்டோ இன்னும் இருக்கிறது, மீசையை முறுக்கிக்கொண்டு. :)

போகவில்லை. காரணம், சின்ன மாமா. 1972-ல் பிறந்தவர், இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் செயலிழந்துவிட்டது. இன்றைக்குப் போலியோ என்பது நம் தலைமுறைக்கு வெறும் சொட்டு மருந்து. இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தைக்கு வந்தது 2011-ல், 2014-ல் போலியோ இல்லாத நாடு என்று சான்றும் கிடைத்தாயிற்று. அன்றைக்கு அப்படியில்லை, தெருவுக்கு ஒரு பிள்ளை. காலை நீவி, மடக்கி, நீட்டி தினமும் பயிற்சி கொடுக்க வேண்டும், விட்டால் கால் மடங்கியே போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பிள்ளை வலியில் கத்துவான். அம்மாச்சியால் அந்தக் கத்தலைத் தாங்கிக்கொண்டு செய்ய முடியவில்லை. அவர் கைக்குழந்தையாக என் அம்மாவையும் வைத்திருந்தார். தாத்தாதான் செய்தார். ஷிப்ட் முடித்து வந்து, குளித்து, பாயை விரித்து. காலிப்பர் செருப்பு போட்ட பிறகு சாயங்காலங்களில் கடற்கரைக்குக் கூட்டிப்போய் நடக்கவைத்தார். இது ஒரு மாசம் இரண்டு மாசம் இல்லை. மாமா பள்ளிக்கூடத்துக்குத் தானாக நடந்து போகிறவரை, பல வருஷம்.

மாமா சொல்வார், "முன்னாடி நின்னு கையப் புடிச்சு இழுக்க மாட்டாருடா. பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு வருவாரு. சாயறப்ப மட்டும் தோளால ஒரு முட்டு." டக் கப்பலோடு ஒட்டிக்கொண்டு போவதும் அப்படித்தான். மாமா இன்றைக்கு ஒரு வங்கியில் அதிகாரி. கொஞ்சம் சாய்ந்து நடப்பார், ஆனால் நடப்பார்.

துபாய் போன இரண்டு பேரும் சென்னையில் சொந்த வீடு கட்டினார்கள், பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தார்கள். "ஒங்க தாத்தா துபாய் போயிருந்தா நாமளும் தி.நகர்ல இருந்திருப்போம்" என்பது எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு தடவையாவது வரும் வசனம். தாத்தா அதற்குக் கோபப்பட்டதே இல்லை. போனவர்களைக் குறைவாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. "அவனவன் வீட்டு ஆழம் அவனவனுக்குத்தான் தெரியும்" என்பார். போனவர்களும் குடும்பத்துக்காகத்தானே போனார்கள்.

அவர் பெரிய தியாகி என்று சிலை வைக்க நான் வரவில்லை. அவரிடமும் குறை உண்டு. பிடித்த கயிறை விடத் தெரியாது. 1995-ல் என் அம்மாவுக்கு பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. அனுப்பவில்லை. பொண்ணு தனியா எப்படி இருக்கும், சாப்பாடு எப்படி, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. பல வருஷம் கழித்து அம்மா அவரிடமே நேராகக் கேட்டார்: "வாசல் வரைக்கும் கொண்டு வந்துட்டு கயித்த அவுத்து விடறதும் டக்கோட வேலைதானேப்பா?" தாத்தா பதில் சொல்லவில்லை. ஆனால் 2021-ல் என் அக்காவுக்குப் புனேயில் வேலை கிடைத்து, அம்மாவே தயங்கிக்கொண்டிருந்தபோது, 90 வயதில் கட்டிலில் உட்கார்ந்தபடி "கயித்த விடு" என்று சொன்னது அவர்தான். அம்மா அடுக்களைக்குள் போய் அழுததை நான் பார்த்தேன். மன்னிப்பு எங்கள் வீட்டில் இப்படித்தான் கேட்கப்படும்.

அதே 2021 மார்ச்சில்தான் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' குறுக்கே மாட்டிக்கொண்டது. 400 மீட்டர் நீளக் கப்பல். மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். நான் அப்போது பத்தாவது, பள்ளிக்கூடத்தை மூடியிருந்தார்கள் (ஆமாம், அந்த ஆல் பாஸ் செட்தான் நாங்கள்). தாத்தா ஆறு நாளும் டிவி முன்னால். கரையிலிருந்து மணல் தோண்டுவதைக் காட்டியபோது தலையாட்டினார். பிறகு அம்மாச்சியைக் கூப்பிட்டு, "பௌர்ணமி என்னிக்குன்னு பாரு" என்றார். காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை, 28-ஆம் தேதி, பங்குனி உத்திரம். "அப்ப தண்ணி ஏறும். அத ஒட்டிக் கெளம்பிடும்" என்றார். திங்கட்கிழமை 29-ஆம் தேதி கிளம்பிவிட்டது! பௌர்ணமி ஏற்றத்தில் தண்ணீர் உயர, டக்குகள் இழுத்து விடுவித்தன. டிவியில் எல்லாரும் அந்தப் பெரிய கப்பலையே காட்ட, தாத்தா திரைக்குப் பக்கத்தில் போய், ஓரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்த குட்டி டக் ஒன்றை விரலால் தொட்டுக் காட்டினார். 1989-ல் ஓய்வு பெற்று அம்மாச்சியின் ஊரான சமயபுரத்துக்கு வந்து, கடலே இல்லாமல் 32 வருஷம் இருந்தவருக்கு அன்றைக்குக் கண்ணில் தண்ணீர்.

நான் பி.காம். மூன்றாம் ஆண்டு. எங்கள் பாடத்தில் ஆப்பர்ச்சூனிட்டி காஸ்ட் என்று ஒன்று வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததால் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. அது முடிவெடுக்கும்போது பார்க்க வேண்டியது, ஆனால் பேரேட்டில் அதற்குப் பதிவு கிடையாது. உறவினர்கள் தாத்தாவுக்குப் போடுகிற கணக்கு இந்தத் துபாய்க் கணக்குதான், 14 வருஷச் சம்பளம், அதற்கு வட்டி, தி.நகர் வீடு. சரி, அதைப் போடுவதென்றால் எதிர்ப் பக்கத்தையும் போட வேண்டும் இல்லையா? நடக்காமல் போன நஷ்டத்துக்கும் பேரேட்டில் பதிவு கிடையாது. மோதாத கப்பல், கவிழாத டக், மடங்கிப் போகாத ஒரு கால். தாத்தாவின் மொத்தச் சம்பாத்தியமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் தேடுகிறவர்கள் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு பாடமும் தாத்தாவால் எனக்குச் சுலபமாகப் புரிந்தது. மரைன் இன்ஷூரன்ஸில் ஜெனரல் ஆவரேஜ் என்று ஒன்று. (சராசரி என்று மொழிபெயர்த்து மார்க்கைக் கோட்டை விடாதீர்கள்.) கடலில் ஆபத்து வரும்போது கப்பலைக் காப்பாற்ற ஒருவருடைய சரக்கைத் தூக்கி எறிந்தால், அந்த நஷ்டத்தைக் காப்பாற்றப்பட்ட எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மிகப் பழைய சட்டம், எவர் கிவன் விஷயத்திலும் 2021 ஏப்ரலில் இதைத்தான் அறிவித்தார்கள். 1997-ல் பெரிய மாமாவின் வியாபாரம் நொடித்தபோது தாத்தா நான்கு பிள்ளைகளையும் உட்கார வைத்து இதைத்தான் சொல்லியிருக்கிறார். "ஒரே கப்பல்ல இருக்கோம். பெரியவன் சரக்கு போச்சு. எல்லாரும் பங்கு." முதல் பங்கு அவருடையது, ஓய்வுப் பணத்தில் மிச்சமிருந்தது. அம்மா இரண்டு வளையல் கொடுத்தார். யாருக்கும் சந்தோஷமில்லைதான். ஆனால் அதற்கப்புறம் இன்றுவரை, நான்கு வீட்டில் எந்த வீட்டு விசேஷத்திலும் ஒரு ஆள் குறைந்ததில்லை. சொத்துக்காக அண்ணன் தம்பி கோர்ட்டில் நிற்கும் காலத்தில், இதை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று எங்கள் பாடத்தில் சொல்லவில்லை.

எனவே, எந்தக் கப்பலுக்குக் கேப்டன் என்று கேட்ட அந்த உறவினருக்கு என் பதில்: வந்த எல்லாக் கப்பலுக்கும், கடைசி ஒரு மைலுக்கு மட்டும். அந்தக் கப்பல்கள் உலகமெல்லாம் சுற்றின, அதன் கேப்டன்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு மைலில் அவர்கள் தங்கள் கப்பலைத் தாத்தாவின் கயிறை நம்பி விட்டார்கள்.

அடுத்த முறை மெரினாவிலோ தூத்துக்குடியிலோ நின்று பெரிய கப்பல் ஒன்று துறைமுகத்துக்குள் போவதைப் பார்த்தால், உடனே செல்போனை எடுக்காதீர்கள். அதன் ஓரத்தில், சுற்றிலும் பழைய டயர் கட்டிய சின்னதாக ஒன்று ஒட்டிக்கொண்டு போகும். அதற்குள் இருப்பவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டியவர். முடிந்தால் அவருக்கு ஒரு கை ஆட்டுங்கள்.